உணவு அறிவியல் செய்முறை வகுப்பில் மாணவர்களைச் சிந்திக்க வைப்பது எப்படி?

கேள்வி: கல்லூரியில் இளநிலை உணவு அறிவியல் மாணவர்களுக்குப் பாடம் நடத்துகிறேன். நீர்ச் செயல்பாடு (உணவிலுள்ள நீரில் நுண்ணுயிர்களுக்குப் பயன்படும் பங்கைக் காட்டும் அளவு), நொதிவழிப் பழுப்பாதல், பாஸ்டுரைசேஷன் ஆகியவற்றின் வரையறைகளைத் தேர்வில் பிழையின்றி எழுதுகிறார்கள். ஆனால் 'இந்த ஜாமில் ஏன் பூஞ்சை பிடித்தது?' என்று கேட்டால் விழிக்கிறார்கள். செய்முறைப் பதிவேடுகளோ ஒன்றைப் பார்த்து ஒன்று எழுதியவைபோல் இருக்கின்றன. வாரத்துக்கு 2 மணி நேரச் செய்முறை வகுப்பும் ஒரே ஓர் ஆய்வகமும்தான் உள்ளன. எங்கிருந்து தொடங்கலாம்?

பதில்: பதிவேடுகள் ஒரே மாதிரி இருப்பதற்கு மாணவர்களின் சோம்பலை மட்டும் குறை சொல்வது நியாயமாகாது. நோக்கம், தேவையான பொருட்கள், செய்முறை, கிடைக்க வேண்டிய முடிவு என அனைத்தும் கையேட்டில் முன்கூட்டியே அச்சாகியிருக்கும்போது, மாணவர் தாமாகத் தீர்மானிப்பதற்கு எதுவும் மிஞ்சுவதில்லை. மிஞ்சாத இடத்தில் பார்த்து எழுதுவதே இயல்பாகிவிடுகிறது. ஆகவே முதல் வேலையாக, கையேட்டிலிருந்து முடிவை நீக்கிவிடுங்கள். சோதனை தொடங்குமுன் என்ன நிகழும், ஏன் நிகழும் என்பதை ஒவ்வொருவரும் பேனாவால் இரண்டு வரி எழுதிக் கொடுக்கட்டும். கணிப்பு தவறினால் மதிப்பெண் குறையாது என்பதையும் அன்றே சொல்லிவிட வேண்டும். இல்லையெனில் கணிப்பையும் பார்த்தே எழுதுவார்கள்.

செலவே இல்லாத ஒரு சோதனையை எடுத்துக்கொள்வோம். ஆப்பிளை 1 செ.மீ. கனமுள்ள துண்டுகளாக நறுக்கி, ஒன்றை அப்படியே வையுங்கள். ஒன்றில் எலுமிச்சைச் சாறு தடவுங்கள். ஒன்றை நீரில் மூழ்க வையுங்கள். ஒன்றைக் கொதிநீரில் 20 விநாடியும், இன்னொன்றை 3 நிமிடமும் இட்டு எடுங்கள். பாலிபீனால் ஆக்சிடேஸ் நொதி, அது வினைபுரியும் பீனால் சேர்மங்கள், ஆக்சிஜன் ஆகிய மூன்றும் கூடினால்தான் துண்டு பழுப்பாகும் என்பதை மாணவர்கள் ஏற்கெனவே படித்திருப்பார்கள். ஒவ்வொரு துண்டிலும் இம்மூன்றில் எது தடைப்பட்டது என்பதே அவர்களுக்கான கேள்வி.

20 விநாடி கொதிநீரில் கிடந்த துண்டின் மேற்பரப்பு வெளிறியே இருப்பதைக் கண்டதும், 'நொதி செயலிழந்துவிட்டது' என்று பெரும்பாலோர் எழுதி முடித்துவிடுவார்கள். அப்போது அத்துண்டைக் குறுக்கே வெட்டி, கால் மணி நேரம் தட்டில் விட்டுவையுங்கள். விளிம்பு வெளிறியே இருக்க, நடுப்பகுதி பழுப்பேறத் தொடங்கும். 3 நிமிடத் துண்டில் அப்படி நிகழாது. வெப்பம் வெளியிலிருந்து உள்ளே செல்ல நேரமெடுக்கும் என்பதை அந்தப் பழுப்புப் புள்ளி காட்டிவிடுகிறது. அடைக்கப்பட்ட உணவைப் பதப்படுத்தும்போது, டப்பாவின் சுவரை விட்டுவிட்டு, மிக மெதுவாகச் சூடேறும் புள்ளியின் வெப்பநிலையை ஏன் கணக்கில் கொள்கிறார்கள் என்ற பாடத்தை இந்த ஆப்பிளிலிருந்தே தொடங்கிவிடலாம். அடுத்த வாரத்துக்கும் இதிலேயே வேலை இருக்கிறது: எலுமிச்சைச் சாற்றில் பழுப்பைத் தடுத்தது அமிலமா, வைட்டமின் சி-யா? அதைப் பிரித்தறியும் சோதனையை மாணவர்களே வடிவமைக்கட்டும். அதே பிஎச் அளவுள்ள, வைட்டமின் சி இல்லாத சிட்ரிக் அமிலக் கரைசல் ஒன்று ஒப்பீட்டுக்கு வேண்டும் என்ற இடத்துக்கு அவர்கள் வந்துசேரச் சற்று நேரமாகும்; அதற்குள் விடையைச் சொல்லிவிடாமல் இருப்பதுதான் ஆசிரியருக்குக் கடினம்.

ஜாம் பற்றிய உங்கள் கேள்விக்கு மாணவர்கள் விழிப்பதற்குக் காரணம், நீரின் அளவையும் நீர்ச் செயல்பாட்டையும் அவர்கள் மனத்தில் ஒன்றாகவே வைத்திருப்பதுதான். வரையறையை மீண்டும் சொல்வதால் இது தீராது. ஏறக்குறைய 17 சதவீத நீருள்ள தேன் கெடுவதில்லை, அதே அளவு ஈரமுள்ள கோதுமை பூஞ்சை பிடிக்கிறது. ஏன் என்று கேளுங்கள். தேனிலுள்ள சர்க்கரை நீரைப் பற்றிக்கொள்வதால் அதன் நீர்ச் செயல்பாடு 0.6-ஐ ஒட்டியே நிற்கிறது. கோதுமையிலோ அது 0.8 அளவுக்கு உயர்கிறது. பெரும்பாலான பாக்டீரியாக்களுக்கு 0.91-உம், பெரும்பாலான பூஞ்சைகளுக்கு 0.80-உம் கீழ்வரம்பு; 0.60-க்குக் கீழே எந்த நுண்ணுயிரும் பெருகுவதில்லை. இந்த எண்களை அட்டவணையாகப் பார்ப்பதற்குமுன் தேனும் கோதுமையும் மாணவரைக் குழப்பியிருந்தால், ஜாமின் பொதுவான நீர்ச் செயல்பாடு பாதுகாப்பாக இருந்தும் மூடியின் உட்புறத்திலிருந்து சொட்டிய நீர்த்துளி மேற்பரப்பில் மட்டும் அந்த அளவை உயர்த்தியிருக்கலாம் என்று அவராகவே ஊகிப்பார்.

சுவை, மணம் போன்றவற்றை மனிதர்களே மதிப்பிடும் புலனுணர்வு மதிப்பீட்டில் முக்கோணச் சோதனை ஒன்றே போதும்; ஒவ்வொருவருக்கும் மூன்று மாதிரிகள் தரப்படும், இரண்டு ஒன்றே, ஒன்று மட்டும் வேறு. 24 பேரில் 10 பேர் மாறுபட்ட மாதிரியைச் சரியாகக் காட்டினால், வேறுபாடு உண்டு என்று வகுப்பே சொல்லும். கண்ணை மூடிக்கொண்டு தேர்ந்தெடுத்தாலே சராசரியாக 8 பேர் சரியாகச் சொல்லியிருப்பார்கள் என்பதையும், 5 சதவீத முக்கியத்துவ மட்டத்தில், அதாவது வெறும் ஊகத்தால் அப்படி அமையும் வாய்ப்பு 5 சதவீதத்தைத் தாண்டாதிருக்க, குறைந்தது 13 பேர் தேவை என்பதையும் அதன்பிறகு காட்டுங்கள். சுவைத்துப் பார்க்கும் மாதிரிகளை வேதிப்பொருட்கள் புழங்கும் ஆய்வகத்தில் தயாரிக்கவோ உண்ணவோ கூடாது. யாருக்கு எந்த உணவு ஒவ்வாது என்பதை முன்பே கேட்டறிவதும் கட்டாயம்.

நேரத்துக்கு எங்கே போவது என்று கேட்பீர்கள். சோதனைகளின் எண்ணிக்கையைக் குறைக்கத்தான் வேண்டும். பருவத்துக்குப் பன்னிரண்டு என்றால் ஏழாக்குங்கள். நீண்ட பதிவேட்டுக்குப் பதில் ஒரே பக்கம் கேளுங்கள்: கணித்தது என்ன, கண்டது என்ன, இரண்டும் ஏன் வேறுபட்டன. கோட்பாட்டு வகுப்பின் முதல் 5 நிமிடத்தில், புத்தகத்தை மூடிவைத்து, சென்ற வாரப் பாடத்திலிருந்து இரண்டு கேள்விகள் போதும். உளவியலாளர்கள் ரோடிகரும் கார்பிக்கியும் 2006-இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு பகுதியை இருமுறை படித்தவர்கள் ஒரு வாரம் கழித்து அதில் 42 சதவீதத்தை நினைவுகூர்ந்தார்கள்; ஒருமுறை படித்துவிட்டு ஒருமுறை பார்க்காமல் எழுதிப் பார்த்தவர்களோ 56 சதவீதத்தை நினைவுகூர்ந்தார்கள்.

ஒரு சங்கடத்துக்கும் தயாராக இருங்கள். முதல் சில வாரங்களில், 'ஆசிரியர் எதையும் நடத்துவதில்லை' என்ற முணுமுணுப்பு எழக்கூடும். ஹார்வர்டு இயற்பியல் வகுப்புகளில் நடத்தி 2019-இல் வெளியிட்ட ஆய்வில், தாமே முயன்று கற்ற மாணவர்கள் கூடுதல் மதிப்பெண் பெற்றும், விரிவுரை கேட்டவர்களைவிடத் தாங்கள் குறைவாகக் கற்றதாகவே உணர்ந்தார்கள். அந்த முடிவை முதல் வகுப்பிலேயே மாணவர்களிடம் சொல்லிவிடுங்கள். அவர்கள் எழுதித் தந்த முதல் கணிப்புகளையும் தூக்கிப் போடாமல் வைத்திருந்து, பருவ இறுதியில் அவரவரிடமே திருப்பிக் கொடுத்துத் திருத்தச் சொல்லுங்கள்.