கேஷ் நம்ம காசா, அவங்க பெட்டியா?

‘கேஷ்’ என்ற இங்கிலீஷ் வார்த்தையே நம் ‘காசு’தான் என்கிறார்களே, உண்மையா? (வாசகர், சவுகார்பேட்டை)

பாதிதான் உண்மை. ஆங்கிலத்தில் ஒரே எழுத்துக்கூட்டில் இரண்டு ‘கேஷ்’ இருக்கின்றன. கையிருப்புப் பணத்தைக் குறிப்பது ஐரோப்பியச் சொல். லத்தீனில் ‘காப்சா’ என்றால் பெட்டி. அது இத்தாலியன், பிரெஞ்சு வழியாக 16-ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஆங்கிலத்துக்குப் போனது. ஆரம்பத்தில் பணப்பெட்டியையும் கேஷ் என்றார்கள். பிறகு அந்தப் பொருள் வழக்கொழிந்து, உள்ளே இருக்கும் பணத்துக்கு மட்டும் பெயர் நின்றுவிட்டது. உங்கள் கடையிலேயே இது நடக்கிறது. ‘கல்லாவுல போடு’ என்றால் பெட்டி, ‘இன்னிக்கு கல்லா எவ்ளோ?’ என்றால் வசூல்.

இன்னொரு கேஷ் ஒரு சிறு நாணயத்தின் பெயர். அதுதான் நம் காசு. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளிலேயே இருக்கும் சொல் இது. போர்த்துகீசியர் அதைக் கேட்டு ‘காய்ஷா’ என்று எழுதிக்கொண்டார்கள். அவர்கள் மொழியில் பெட்டிக்கும் ‘காய்ஷா’தான்! குழப்பம் அங்கேயே தொடங்கிவிட்டது. அவர்களிடமிருந்து வாங்கிய ஆங்கிலேயர், நடுவில் சதுர ஓட்டை போட்ட சீன நாணயத்தையும் கேஷ் என்றே அழைத்தார்கள்.

வீட்டுப் பரணில் ஒரு செம்புக் காசு கிடைத்தது. இரண்டு எக்ஸ் எழுத்து, ‘கேஷ்’, 1808 என்று இருக்கிறது. எங்கள் தங்கசாலையில் அடித்ததா? புளி போட்டுத் தேய்க்கலாமா? (வாசகர், தங்கசாலை தெரு)

புளியைக் கீழே வையுங்கள், முதல் வேலை அதுதான். புளி, எலுமிச்சை, பல்பொடி எதுவானாலும் செம்பின் மேல் படிந்த பழுப்புப் பூச்சு போய்விடும். காசு பளபளக்கும், சேகரிப்பவர் விலையைக் குறைப்பார். டிஸ்டில்டு வாட்டரில் ஒருநாள் ஊறவைத்து, மெல்லிய துணியால் ஒற்றி, நன்றாக உலர்த்தினால் போதும். பிவிசி கவரில் போடாதீர்கள். நம் கடல் காற்றோடு அதுவும் சேர்ந்தால் பச்சைப் பிசுக்கு வரும்.

இது கிழக்கிந்தியக் கம்பெனியின் 20 காசு நாணயம். ஒரு பக்கம் கம்பெனியின் சிங்கச் சின்னம், மறுபக்கம் பாரசீக எழுத்தில் ‘இருபது காசு, நான்கு ஃபலூஸ்’ (ஃபலூஸ் என்பது செப்புக்காசு) என்ற வாசகம். உங்கள் தெருவில் அடித்ததல்ல. இங்கிலாந்தில், பர்மிங்ஹாம் சோஹோ ஆலையில் அடித்துக் கப்பலில் அனுப்பினார்கள். அப்படிக் கிளம்பிய ‘அட்மிரல் கார்ட்னர்’ கப்பல் 1809 ஜனவரியில் இங்கிலாந்துக் கரையருகிலேயே மூழ்கியது. அதிலிருந்து எடுத்த காசுகள் இன்றும் விற்பனைக்கு வருகின்றன. தங்கசாலை உங்கள் பக்கம் வந்தது 1840-களில்தான்.

அன்றைய கணக்கு (பணம், வராகன் இரண்டும் அப்போதைய நாணயப் பெயர்கள்): 80 காசு ஒரு பணம், 42 பணம் ஒரு வராகன். 1818-இல் ரூபாய்க்கு மாறியபோது வராகனுக்கு மூன்றரை ரூபாய் வைத்தார்கள். அதாவது ரூபாய்க்கு 12 பணம், 960 காசு. உங்கள் கையில் இருப்பது கால் பணம்.

கூடவே ஒரு எச்சரிக்கை. ராமர் பட்டாபிஷேகம் அல்லது அனுமார் படத்தோடு ‘ஈஸ்ட் இந்தியா கம்பெனி 1818’ என்று போட்ட காசை லட்சக்கணக்கில் விலை சொல்லி யாராவது காட்டினால் வாங்காதீர்கள். கம்பெனி அப்படி ஒன்றை அடிக்கவே இல்லை.

மதராஸ் படை பற்றிய புத்தகத்தில் ஓர் அதிகாரியை ‘கேஷியர்’ செய்தார்கள் என்று வருகிறதே? (வாசகர், ராயபுரம்)

பட்டாளத்திலிருந்து அவமானப்படுத்தி நீக்கினார்கள் என்று பொருள். கல்லாவில் உட்காரும் கேஷியருக்கும் இதற்கும் உறவில்லை. இது ‘ரத்து செய்’ என்ற பிரெஞ்சு வினையிலிருந்து டச்சு வழியாக வந்தது. ‘கேஷ்யூ’ முந்திரியும் இந்தக் குடும்பமில்லை, பிரேசிலின் துப்பி மொழியில் அது ‘அகாஜூ’.

ஆபீசில் சில்லறைச் செலவுக்கு வைக்கும் பணத்தை ‘பெட்டி கேஷ்’ என்கிறோமே, அது நம் பெட்டிதானே? அதன் கணக்கு வேறு அடிக்கடி உதைக்கிறது. (வாசகர், பழைய வண்ணாரப்பேட்டை)

இல்லை, பிரெஞ்சில் ‘சின்ன’ என்று பொருள்படும் ‘பெத்தீ’. கேஷுக்கே பெட்டி என்றுதான் அர்த்தம் இருந்தது என்பதால் உங்கள் ஊகத்தைக் கேலி செய்ய மனம் வரவில்லை.

கணக்கு உதைக்கிறது என்று எழுதியிருந்தீர்கள். ஒரு நிலைத்தொகை வையுங்கள், 5,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். எந்த நேரம் எண்ணினாலும் ரொக்கமும் வவுச்சரும் சேர்ந்து 5,000 வரவேண்டும். சனிக்கிழமை வவுச்சர் 3,240 என்றால் அதே 3,240-ஐ மட்டும் வாங்கி நிரப்புங்கள், ரவுண்டாக 3,500 வாங்காதீர்கள். பெரும்பாலும் உதைப்பது இரண்டு இடத்தில்: விற்பனைப் பணத்தை அதே பெட்டியில் போடுவது, பையனுக்குக் கொடுத்த அட்வான்ஸுக்குச் சீட்டு எழுதாமல் விடுவது.

பர்மா பஜாரில் போனைக் கொடுத்தால் ‘கேஷ் கிளியர் பண்ணு’ என்கிறார்கள். பணமா கேட்கிறார்கள்? (வாசகர், காசிமேடு)

உச்சரிப்புதான் ஒன்று. இது ஒளித்து வைப்பதைச் சொல்லும் பிரெஞ்சுச் சொல். 1968-இல் ஐபிஎம் கணினி ஒன்றின் வேகமான இடைநினைவகத்துக்கு வைத்த பெயர், இன்று தற்காலிகக் கோப்புக்கெல்லாம் பொதுவாகிவிட்டது. ஆண்ட்ராய்டில் செட்டிங்ஸ், ஆப்ஸ், அந்த ஆப், ஸ்டோரேஜ் என்று போனால் பட்டன் இருக்கும். அழித்தால் ஆப் ஒருமுறை மெதுவாகத் திறக்கும், வேறு சேதமில்லை. பக்கத்திலேயே ‘கிளியர் டேட்டா’ அல்லது ‘கிளியர் ஸ்டோரேஜ்’ இருக்கும், விரல் அங்கே போகக் கூடாது. லாகின், செட்டிங் எல்லாம் போய்விடும், பேக்கப் இல்லாத வாட்ஸ்அப் என்றால் சாட்டும் சேர்ந்து போகும்.