1843 நாவூவில் ஊரறிந்த இரண்டாம் கல்யாணமா?

உங்கள் கதையின் கல்யாணக் காட்சியில் இடிப்பது ஆண்டுதான். 1843இல் நாவூவில், அதாவது மார்மன்கள் என்ற அமெரிக்க மதப் பிரிவினர் அப்போது வாழ்ந்த இல்லினாய்ஸ் ஊரில், மூத்த மனைவி விருந்தினர் முன்னால் இளையவளின் கையைக் கணவனிடம் பிடித்துக்கொடுப்பதாக எழுதியிருக்கிறீர்கள். அப்போது மார்மன்களின் பலதார மணம் ரகசியம். வெளியே கேட்டால் மறுத்துவிடுவார்கள். ஊரறிய அறிவித்தது 1852 ஆகஸ்டில், அவர்கள் பிறகு குடிபெயர்ந்த யூட்டாவின் சால்ட் லேக் சிட்டியில். கை பிடித்துக்கொடுக்கும் சடங்கை அங்கே, அதற்குப் பிறகு வையுங்கள்; கச்சிதமாகப் பொருந்தும்.

நீங்கள் படித்தவை பெரும்பாலும் யூட்டா காலத்து நினைவுக்குறிப்புகளாக இருக்கும். அவற்றை எழுதிய மார்மன் பெண்கள் பலர் நாவூ நாட்களைப் பற்றிப் பல வருஷம் கழித்துத்தான் எழுதினார்கள். ஒவ்வொரு குறிப்பிலும் சம்பவம் நடந்த வருஷம், எழுதிய வருஷம் இரண்டையும் பக்கத்தில் போட்டுப் பாருங்கள்.

நாவூவையே விட மனசில்லையா? சரி, பார்ட்ரிட்ஜ் சகோதரிகளைப் பாருங்கள். எமிலியும் எலைசாவும் மார்மன் பிரிவை நிறுவிய ஜோசப் ஸ்மித் வீட்டிலேயே தங்கி வேலை செய்தவர்கள். 1843 மார்ச்சில் இருவரையும் அவர் ரகசியமாக மணந்தார், மனைவி எம்மாவுக்குத் தெரியாமல். மே மாதம் எம்மாவே சம்மதித்துத் தேர்ந்தெடுத்ததும் அதே இருவரைத்தான். ஏற்கெனவே முடிந்த கல்யாணத்தை எம்மா முன்னால் முதல் தடவை போல மறுபடி நடத்தினார்கள். விருந்தினர் கூட்டத்தைவிட இதில் நாடகம் அதிகம் என்பேன்.

ஒன்று மட்டும்: அந்தச் சம்மதம் நிலைக்கவில்லை, எம்மா சீக்கிரமே எதிர்ப்புக்குத் திரும்பிவிட்டார். உங்கள் மூத்த மனைவியை ஒரேயடியாகப் பொறுமைசாலி ஆக்கிவிடாதீர்கள்.