நெப்போலியன் படையில் 'கோர்' என்ற அமைப்பு ஏன் இவ்வளவு பேசப்படுகிறது? டிவிஷன் எனும் சில ஆயிரம் பேர் கொண்ட படைப்பிரிவுகளைப் பெரிதாக்கினால் போதாதா?

போதாது. (முதலில் ஒன்று, அது 'கோர்'தான். corps என்ற எழுத்தைப் பார்த்து 'கார்ப்ஸ்' என்று சொல்லி நான் ஒரு தடவை வாங்கிக் கட்டிக்கொண்டேன்.) கோர் என்பது ஒரு குட்டி ராணுவம். இரண்டு மூன்று காலாட்படை டிவிஷன், கொஞ்சம் குதிரைப்படை, சொந்த பீரங்கி, சொந்தத் தலைமையகம், சராசரியாக 20,000-30,000 பேர். ஒரு லட்சம் பேர் ஒரே சாலையில் போனால் பின்னால் வருகிறவனுக்கு வழியில் ஒரு ரொட்டிகூட மிஞ்சாது, அதனால் ஒவ்வொரு கோரும் தனித்தனிச் சாலையில் போகும். எதிரி எங்கே மாட்டினாலும் அந்த ஒரு கோர் ஒரு நாள் தாக்குப்பிடிக்க வேண்டும், அதற்குள் பக்கத்துக் கோர்கள் வந்துவிடும். சூட்சுமம் இவ்வளவுதான்.

இதற்கு உண்மையான பரீட்சை 1806 அக்டோபர் 14. ஜெர்மனியின் யேனாவில், பிரஷ்யா என்ற ஜெர்மானிய அரசின் முக்கியப் படையையே அடித்து நொறுக்குவதாக நெப்போலியன் நினைத்துக்கொண்டிருக்க, அது நிஜத்தில் இருந்தது வடக்கே, அவுவர்ஷ்டெட்டில், அவருடைய தளபதி தாவூவின் 3-வது கோருக்கு எதிரே. தாவூவின் ஆட்கள் சுமார் 27,000, பிரஷ்யர்கள் ஏறக்குறைய 60,000. காலை மூடுபனியில் ஹாசென்ஹவுசன் கிராமத்தருகே முதலில் வந்தது குதானின் டிவிஷன் மட்டும். சதுரமாக அணிவகுத்து நின்று பிரஷ்யத் தளபதி புளூஹரின் குதிரைப்படையைத் திரும்பத் திரும்ப விரட்டினார்கள், அப்புறம் ஃப்ரியானின் டிவிஷன், கடைசியில் மொரானின் டிவிஷன் வந்து சேர்ந்தன. இரண்டு களத்துக்கும் இடையில் இருந்த இன்னொரு பிரெஞ்சுத் தளபதி பெர்னதோத்தின் கோர் உதவிக்கு வரவே இல்லை! தாவூவுக்குச் சேதம் 7,000 பேர், அதாவது நாலில் ஒருவர், ஆனாலும் ஜெயித்துவிட்டார். சேதி கேட்ட நெப்போலியன், கிட்டப்பார்வைக்காரரான தாவூவுக்கு எல்லாம் இரண்டிரண்டாகத் தெரிகிறது போல என்றாராம். பெர்லினுக்குள் முதலில் நுழையும் மரியாதை மட்டும் அந்த 3-வது கோருக்கே கிடைத்தது.

ஓட்டையும் உண்டு. 1815 ஜூன் 16-ல் நெப்போலியனின் தளபதி தெர்லோனின் கோர், ஒரே நாளில் போர் நடந்த லின்யிக்கும் காத்ர் ப்ராவுக்கும் (இரண்டும் பெல்ஜியத்தில்) நடுவே, முரண்பட்ட உத்தரவுகளால் அங்குமிங்கும் நடந்தே பொழுதைக் கழித்தது, இரண்டு போருக்கும் உதவாமல்.

பிறகு எல்லோரும் காப்பியடித்தார்கள். 1863-ல் அமெரிக்க உள்நாட்டுப் போரின் கெட்டிஸ்பர்க் சண்டையில் வட மாநிலங்களின் படையில் 7 காலாட்படைக் கோர்கள், யார் எந்தக் கோர் என்று தெரிய தொப்பியில் துணிச் சின்னம் வேறு. நம் ராணுவத்திலும் 1962-ல் அவசரமாக உருவான 4-வது கோர்தான் 1971-ல் சகத் சிங் தலைமையில் ஹெலிகாப்டரில் மேக்னா ஆற்றைத் தாண்டி டாக்காவை நோக்கிப் பாய்ந்தது.