பூனை வருஷம் முழுக்க முடி கொட்டுகிறதே, நோயா?

பெரும்பாலும் இல்லை. பூனையின் முடி உதிர்வைத் தூண்டுவதில் பகல் வெளிச்சத்தின் நீளத்துக்குப் பெரிய பங்கு உண்டு. வெளியே திரியும் பூனைக்குப் பருவம் மாறும்போது அதிகமாகக் கொட்டும். ராத்திரி 11 மணிவரை டியூப்லைட் வெளிச்சத்தில் படுத்திருக்கும் வீட்டு மகாராணிக்கோ சீசனே கிடையாது, வருஷம் முழுக்கக் கொட்டும்.

தரையைப் பெருக்கிக்கொண்டே இருப்பதைவிடப் பூனையைச் சீவிவிடுவது மேல். குட்டைமுடிக்கு வாரம் இரண்டு முறை போதும், நீளமுடி பெர்சியன் என்றால் தினமும். சீவாமல் விட்ட முடியை அது நக்கி விழுங்கி உருண்டையாகக் கக்கும், அதுவும் சரியாக நீங்கள் படுக்கும் பாயில்! சோபாவை ஈரமான ரப்பர் கையுறையால் ஒரே பக்கமாகத் தேய்த்தால் முடி திரண்டு வந்துவிடும்.

வட்ட வட்டமாகச் சொட்டையோ ஓயாத சொறிதலோ இருந்தால் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். படர்தாமரையாக இருந்தால் உங்களுக்கும் ஒட்டிக்கொள்ளும்.