மூன்று மணி விழிப்புக்கு 35,000 ரூபாயா?

கேள்வி: எனக்கு வயது 44. பெரம்பூரில் வீடு, பாரிமுனையில் ஒரு தனியார் அலுவலகத்தில் கணக்குப் பிரிவில் வேலை. ஆறேழு மாதமாக ராத்திரி மூன்று மணிக்கு விழிப்பு தட்டிவிடுகிறது. அப்புறம் தூக்கம் வருவதில்லை. பகலெல்லாம் எரிச்சல், மறதி. பிள்ளைகளிடம் வள்ளென்று விழுகிறேன். தைராய்டு மாத்திரை சாப்பிடுகிறேன். எங்கள் அபார்ட்மென்ட்டில் ஒருவர் 'முழுமையான மனநலம்' என்று 90 நாள் பயிற்சி ஒன்றைச் சொன்னார். 35,000 ரூபாய், தவணையிலும் கட்டலாம். முன்பணமாக 3,000 கட்டிவிட்டேன். மனநல மருத்துவரைப் பார்க்கலாமா என்றால் கணவர், "உனக்கென்ன பைத்தியமா?" என்கிறார். அன்றாடப் பழக்கங்களை மாற்றியே இதைச் சரிசெய்ய முடியுமா? அல்லது அந்தப் பயிற்சியில் சேரட்டுமா?

பதில்: கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். சேராதீர்கள். முன்பணத்தைப் பற்றிப் பிறகு பேசுவோம்.

நீங்கள் அனுப்பிய விளம்பரத் தாளைப் பார்த்தேன். தாமரைப் பூவின் மேல் ஒரு மூளை, அடியில் பொடி எழுத்தில் 'பலன் நபருக்கு நபர் மாறுபடும்'. 90 நாளும் என்ன செய்யச் சொல்கிறார்கள் என்று பார்த்தால் நேரத்துக்கு எழுவது, நடப்பது, மூச்சுப் பயிற்சி, செல்போனைக் குறைப்பது, அவ்வளவுதான். இதற்கெல்லாம் காசு கேட்டால் யாரும் தரமாட்டார்கள் என்பதால் கிண்ணத்தைத் தட்டி ஒலி எழுப்பும் வகுப்பையும் மூன்று டப்பா பொடியையும் கூடவே சேர்த்திருக்கிறார்கள். அந்தப் பொடியில் அமுக்கராக் கிழங்கு இருக்கிறது. கிழங்கின் மேல் எனக்கு ஒன்றும் கோபமில்லை. ஆனால் அது தைராய்டு சுரப்பைக் கூட்டக்கூடியது. நீங்களோ ஏற்கெனவே தைராய்டு மாத்திரையில் இருப்பவர். விற்றவர் அதை ஒரு வார்த்தை கேட்டாரா?

பழக்கங்களுக்கு முன்னால் ஒரு ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். தைராய்டு மாத்திரையின் அளவு கூடிப்போனாலே படபடப்பு வரும், தூக்கம் கெடும். தைராய்டு சரியாக இருக்கிறதா என்று காட்டும் டி.எஸ்.எச். பரிசோதனையைக் கடைசியாக எப்போது பார்த்தீர்கள்? கூடவே ஹீமோகுளோபின், பி12, சர்க்கரையும் பார்த்துவிடுங்கள். மாதவிலக்கு முன்பின்னாக வருகிறதா? ராத்திரியில் திடீரென்று உடம்பு கொதித்து வியர்க்கிறதா? உங்கள் வயதில் இது சகஜம். அப்படியிருந்தால் மகளிர் மருத்துவரிடமும் சொல்லுங்கள்.

இனி பழக்கங்கள். பத்துப் பதினைந்து சொல்லி உங்களைக் குழப்பப் போவதில்லை. முக்கியமானது ஒன்றுதான்: எத்தனை மணிக்குப் படுத்தாலும், நடுவில் எத்தனை முறை விழித்தாலும், காலையில் ஒரே நேரத்துக்கு எழுந்திருங்கள். ஞாயிற்றுக்கிழமையும்தான். நேரத்துக்குப் படுக்க வேண்டும் என்றுதான் எல்லோரும் மெனக்கெடுகிறார்கள். தூக்கத்தை வரச் சொல்லி உத்தரவு போட முடியாது. எழுவது மட்டும்தான் நம் கையில் இருக்கிறது. உடம்புக்குள் ஓடும் கடிகாரம் எழும் நேரத்தையும் காலை வெளிச்சத்தையும் வைத்துத்தான் தன்னைச் சரிசெய்துகொள்கிறது. அதனால் எழுந்ததும் மொட்டை மாடிக்குப் போங்கள். முடிந்தால் மேம்பாலத்துப் பக்கம் முரசொலி மாறன் பூங்காவில் அரை மணி நடங்கள். வாரத்துக்கு 150 நிமிடம் என்பது உலகச் சுகாதார நிறுவனம் சொல்லும் கணக்கு. ஐந்து நாள் நடந்தாலே வந்துவிடும். சித்திரை, வைகாசியில் ஆறு மணிக்கே கிளம்பிவிடுங்கள். ஏழரைக்கு மேல் சென்னையில் நடந்தால் மனநலம் வராது, தலைவலிதான் வரும்.

அடுத்தது காபி. விடச் சொல்லவில்லை, பயப்படாதீர்கள். காபியில் இருக்கும் காஃபீன் உடம்பில் பாதியாகக் குறையவே ஏறத்தாழ ஐந்து மணி நேரம் ஆகும். சாயங்காலம் ஆபீஸிலிருந்து வந்ததும் டபராவில் ஆற்றிக் குடிக்கும் காபியில் பாதி, நீங்கள் பத்தரைக்குப் படுக்கும்போதும் ரத்தத்தில் இருக்கும். மதியம் இரண்டு மணியோடு நிறுத்துங்கள். முதல் வாரம் தலை வலிக்கும். பிறகு பழகிவிடும்.

மூன்று மணிக்கு விழிப்பு வந்தால் செல்போனில் மணி பார்க்காதீர்கள். 'இன்னும் மூன்று மணி நேரம்தான் இருக்கிறது' என்று கணக்குப் போட ஆரம்பித்தால் மிச்சத் தூக்கமும் போய்விடும். இருபது நிமிடம் போலத் தோன்றியும் தூக்கம் வரவில்லையா, எழுந்து ஹாலுக்குப் போங்கள். சின்ன விளக்கில் உப்புச்சப்பில்லாத எதையாவது படியுங்கள். கண் சொக்கும்போது திரும்பி வந்து படுங்கள். புரண்டுகொண்டே கிடந்தால் கட்டில் என்றாலே விழித்திருக்கும் இடம் என்று மூளை பழகிவிடும்.

நீங்கள் கணக்குப் பிரிவில் இருப்பதால் இன்னொன்று. ஜி.எஸ்.டி. தாக்கலுக்கான 20ஆம் தேதி நெருங்கும்போது விழிப்பு கூடுகிறதா என்று ஒரு மாதம் குறித்துப் பாருங்கள். கூடினால், சாயங்காலமே கால் மணி நேரம் ஒதுக்கி, நாளைக்கு என்னென்ன பாக்கி, யாரைக் கேட்க வேண்டும் என்று ஒரு நோட்டில் எழுதி மூடி வைத்துவிடுங்கள். ராத்திரி மூன்று மணிக்கு மண்டைக்குள் ஓடுவதில் பாதி இந்தப் பட்டியல்தான். யோகா, பிரார்த்தனை, பாட்டு, எது பிடிக்கிறதோ அதைச் செய்யுங்கள். அதில் எனக்கு ஆட்சேபமில்லை. வீட்டு வேலையைக் கணவரும் பிள்ளைகளும் பகிர்ந்துகொள்வதை எந்தப் பயிற்சியாளரும் பாடத்தில் வைப்பதில்லை. நான் வைப்பேன்.

ஆறு வாரம் இப்படிச் செய்யுங்கள். பெரும்பாலானவர்களுக்கு இதிலேயே மாற்றம் தெரியும்.

ஆனால் தூக்க மாத்திரை எடுக்கிறவர்களை இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். நீங்கள் எழுதவில்லை, ஆனாலும் கேட்டுவிடுகிறேன்: தெருமுனை மருந்துக் கடையில் 'சும்மா தூக்கத்துக்கு' என்று ஏதாவது வாங்கினீர்களா? அட்டையிலிருந்து நாலு மாத்திரையைக் கத்தரித்து, மருந்தின் பெயரும் காலாவதித் தேதியும் அந்தப் பக்கத்துத் துண்டில் போய்விட, இந்தப் பக்கத்துத் துண்டை மட்டும் கவரில் போட்டுக் கொடுப்பார்கள். பெரும்பாலும் அது அல்பிரஸோலமாக இருக்கும். மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கவே கூடாத எச்1 அட்டவணை மருந்து. விற்றால் யார், எவ்வளவு என்று தனிப் பதிவேட்டில் எழுத வேண்டும். எழுதுவதைப் பார்த்திருக்கிறீர்களா? சோதிக்க வேண்டியவர்கள் எப்போது வருவார்களோ தெரியாது. எனக்கு அலுத்துவிட்டது.

இதில் பெரிய ஆபத்து நிறுத்துவதில்தான். சில வாரம் தினமும் எடுத்தவர், 'நல்ல பழக்கம் தொடங்கிவிட்டேன், இனி மாத்திரை வேண்டாம்' என்று ஒரே நாளில் விட்டால், நடுக்கமும் பதற்றமும் முன்பைவிட மோசமான தூக்கமின்மையும் வரும். சிலருக்கு வலிப்பே வந்துவிடும். அதனால் மாத்திரையை நீங்களாகத் தொடரவும் வேண்டாம், நீங்களாக நிறுத்தவும் வேண்டாம். மருத்துவரிடம் அந்தத் துண்டு அட்டையைக் காட்டுங்கள். வெட்கப்பட்டு மறைக்காதீர்கள். அளவைப் படிப்படியாகக் குறைத்துத்தான் விட வேண்டும்; அதற்குச் சில வாரமோ சில மாதமோ ஆகலாம். உங்கள் மாமியாரோ அம்மாவோ 'பி.பி. மாத்திரையோடு ஒன்று' என்று வருஷக்கணக்கில் இதைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாலும் இதேதான். விளம்பரத் தாளில் 'மருந்தில்லா வாழ்வு' என்று போட்டிருக்கிறார்களே, எனக்குப் பயமே அதில்தான்.

ஆறு வாரத்தில் மாற்றம் இல்லையென்றால், அல்லது அதற்கு முன்பே எதிலும் பிடிப்பில்லாமல் இரண்டு வாரம் தொடர்ந்து போனால், மனநல மருத்துவரைப் பாருங்கள். வாழ்ந்து என்ன பயன் என்ற நினைப்பு ஒருமுறை வந்தாலும் அன்றைக்கே பேச வேண்டும். 14416க்குக் கூப்பிடலாம். அரசின் டெலி மனஸ் சேவை அது. இலவசம், இரவு பகலாக இயங்கும், தமிழிலேயே பேசலாம். உங்களுக்கு ஸ்டான்லி மருத்துவமனை கிட்டத்தில்தான் இருக்கிறது. அங்கே மனநலப் பிரிவில் வெளிநோயாளியாகப் பார்க்கலாம். காலையிலேயே போய்விடுங்கள், கூட்டம் இருக்கும். மூன்று நிமிடத்தில் அனுப்பிவிட்டார்கள் என்று திட்டுவீர்கள். திட்டலாம், ஆனால் வாசலில் நிற்கும் கூட்டத்தையும் உள்ளே இருக்கும் டாக்டர்களின் எண்ணிக்கையையும் ஒருமுறை பாருங்கள். உடல்நோய்க்குச் சமமாக மனநோய்க்கும் காப்பீடு தர வேண்டும் என்று 2017 மனநலப் பராமரிப்புச் சட்டம் சொல்கிறது. நடைமுறையில் பல பாலிசிகளில் படுக்கையில் சேர்ந்தால்தான் பணம். தூக்கமில்லை என்று நடந்து வருபவருக்குக் கைக்காசுதான். அந்த இடைவெளியில்தான் 35,000 ரூபாய்க்காரர்கள் கடை விரிக்கிறார்கள்.

பேச்சுச் சிகிச்சைக்குப் போவதானால், கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் என்பவரிடம் ஆர்.சி.ஐ. (இந்திய மறுவாழ்வு கவுன்சில்) பதிவு எண் கேளுங்கள். மருத்துவர் என்றால் மருத்துவ கவுன்சில் பதிவு எண். பெயருக்கு முன்னால் 'டாக்டர்' போட்டிருப்பதை மட்டும் நம்பாதீர்கள். கௌரவப் பட்டம் இந்த ஊரில் சல்லிசாகக் கிடைக்கிறது. எண் கேட்டதும் முகம் சுளிப்பவரிடம் உட்காராதீர்கள்.

கணவரை அடுத்த முறை டாக்டரைப் பார்க்கப் போகும்போது கூட்டிக்கொண்டு போங்கள். அவர் கேட்ட கேள்விக்கு டாக்டரே பதில் சொல்லட்டும்.

முன்பணத்துக்கு வருகிறேன். போனில் பேசாதீர்கள், பேசினால் மயக்கிவிடுவார்கள். சேர விருப்பமில்லை, 3,000 ரூபாயைத் திருப்பி அனுப்புங்கள் என்று வாட்ஸ்அப்பிலோ மின்னஞ்சலிலோ எழுத்தில் கேளுங்கள். ரசீதைப் படமெடுத்து வையுங்கள். தவணைக்கு என்று ஆதார், பான் நகலோ ஓ.டி.பி.யோ கொடுத்திருந்தால், உங்கள் பெயரில் கடன் ஏறிவிட்டதா என்று உடனே பாருங்கள். ஏறியிருந்தால் கடன் கொடுத்த நிறுவனத்துக்கும் இன்றே எழுதுங்கள். இழுத்தடித்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.