சிரித்ததற்கு மன்னிப்பு எதற்கு?

ஐயா, வணக்கம்.

காரைக்குடியிலிருந்து எழுதுகிறேன். பெயர் போட வேண்டாம். என் வீட்டுக்காரர் ஆத்தங்குடியில் டைல்ஸ் பட்டறையில் வேலை பார்த்தவர். கண்ணாடி மேல் அச்சை வைத்துச் சாயம் ஊற்றுவதில் நல்ல கை. போன வருடம் பக்கவாதம் வந்து வலது கையும் காலும் இழுத்துக்கொண்டன. பேச்சும் குழறுகிறது. நான் பலகாரம் போட்டு விற்கிறேன். குழுக்கடன் இரண்டு ஓடுகிறது.

எங்கள் அன்பியத்தில், அதாவது அக்கம்பக்கத்துக் கத்தோலிக்கக் குடும்பங்கள் கூடி ஜெபிக்கிற குழுவில், எல்லாரும் நல்லவர்கள்தான். ஆனால் நான் கண் கலங்கினால் போதும், "ஆண்டவர்ல மகிழ்ச்சியா இருக்கச் சொல்லியிருக்கு, நீங்க இப்படி அழலாமா?" என்கிறார்கள். ஒருவர், விசுவாசத்துக்காக உயிர் கொடுத்த புனிதர் ஓரியூர் அருளானந்தரைச் சொன்னார். தலையை வெட்டக் கொண்டுபோனபோதே முகம் வாடாமல் போனாராம், நமக்கு வந்தது என்ன பெரிய பாடு என்று.

போன மாதம் ஒரு கல்யாண வீட்டு ஆர்டர். ராத்திரி நானும் நாத்தனாரும் சீப்புச் சீடை சுருட்டிக்கொண்டிருந்தோம். இவர் கட்டிலில் இருந்தபடியே இடது கையை நீட்டி மாவு கேட்டார். கொடுத்தேன். அழுத்தினார்; சுருளவில்லை, பட்டையாகத் தடித்துப்போய் நின்றது. அதையே கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, குழறிக் குழறி, "இத அப்படியே முற்றத்துல பதிச்சிரலாம்" என்றார். அடுப்பில் எண்ணெய் புகைகிற வரைக்கும் சிரித்தோம் ஐயா. படுக்கப் போனபோது உறுத்தியது. கோயிலில் மகிழச் சொன்னால் எனக்கு அழுகை வருகிறது. அழ வேண்டிய வீட்டில் உட்கார்ந்து சிரிக்கிறேன். என் விசுவாசத்தில் கோளாறா?

*

அன்புள்ள சகோதரிக்கு,

கோளாறு ஒன்றும் இல்லை. உங்களுக்குச் சொன்ன வசனத்தை யார், எங்கே இருந்துகொண்டு எழுதினார் என்பதைச் சொன்னவர்கள் சொல்லாமல் விட்டுவிட்டார்கள், அவ்வளவுதான்.

அது இயேசுவின் திருத்தூதரான பவுல் பிலிப்பி ஊர்ச் சபைக்கு எழுதிய கடிதம், பைபிளில் இருக்கிறது. நான்கே அதிகாரம். விலங்கு மாட்டிச் சிறையில் கிடந்தபோது எழுதியது. "ஆண்டவரோடு இணைந்து என்றும் மகிழுங்கள்" என்பது நான்காம் அதிகாரத்தில் வருகிறது. அதற்கு முன்னால் உள்ள பக்கங்களையும் படியுங்கள். முதல் அதிகாரத்தில், போய்ச் சேர்ந்துவிட்டால் எனக்கு நல்லது, உங்களுக்காகத்தான் இருக்க வேண்டியிருக்கிறது என்று இரண்டுக்கும் நடுவில் தவிக்கிறார். இரண்டாம் அதிகாரத்தில், பிலிப்பிக்காரர்கள் உதவிக்கு அனுப்பிவைத்த ஆள் நோயில் விழுந்து சாகக் கிடந்து பிழைத்ததைச் சொல்கிறார். கடவுள் அவன்மேல் மட்டுமா, என்மேலும் இரங்கினார், இல்லாவிட்டால் துயரத்துக்கு மேல் துயரமாகப் போயிருக்கும் என்கிறார். மூன்றாம் அதிகாரத்தில் கண்ணீரோடு சொல்கிறேன் என்றே எழுதுகிறார். மகிழுங்கள் என்று இரண்டு தரம் அழுத்திச் சொன்ன மனிதர் அதே கடிதத்தில் அழுகிறார். உங்கள் அன்பியத்தில் அவர் வந்து உட்கார்ந்திருந்தால் அவரையும் அதட்டியிருப்பார்கள்.

அவருடைய மகிழ்ச்சிக்குக் காரணமும் அங்கேயே இருக்கிறது. நீங்கள் மறுபடியும் என்னை நினைத்து விசாரித்தீர்களே, அதில் ஆண்டவருக்குள் பெருமகிழ்ச்சி அடைந்தேன் என்கிறார். சும்மா விசாரிக்கவில்லை, பொருள் கொடுத்தனுப்பினார்கள். தெசலோனிக்காவில் இருந்தபோதும் ஒன்றுக்கு மேற்பட்ட தடவை அனுப்பியவர்கள் அவர்கள். வேறு எந்தச் சபையும் அப்படிச் செய்யவில்லை என்று பெயர் சொல்லாமல் குத்தியும் காட்டுகிறார். "எனக்கு வலுவூட்டுகிறவரின் துணையால் எதையும் செய்ய எனக்கு ஆற்றல் உண்டு" என்று காரின் பின்கண்ணாடியில் ஒட்டிக்கொள்கிறோமே, அது பட்டினியும் குறைவும் பழகிவிட்டது என்று சொல்கிற இடத்தில் வருகிற வரி. அதை எழுதிய கையோடு, ஆனாலும் என் கஷ்டத்தில் நீங்கள் பங்குகொண்டது நல்லது என்று சேர்க்கிறார். ஆண்டவர் பார்த்துக்கொள்வார், நீங்கள் ஒன்றும் அனுப்ப வேண்டாம் என்று எழுதவில்லை.

ஆகவே, மகிழச் சொல்கிற உரிமை கையில் எதையாவது எடுத்துக்கொண்டு வருகிறவருக்குத்தான் உண்டு என்பது என் கட்சி. ஒரு படி அரிசி, ஒரு தவணைப் பணம், அதுவும் முடியாவிட்டால் ஒரு மணி நேர உடலுழைப்பு.

அருளானந்தர் பேச்சுக்கு வருகிறேன். நான் அவர் ரத்தம் சிந்திய ஓரியூர் செம்மண்ணைப் பொட்டலம் கட்டி வீட்டில் வைத்திருக்கிற ஆள். அவர்மேல் எனக்கு மரியாதைக் குறைவு கிடையாது. ஆனால் அவர் கதையை முழுசாகச் சொல்ல வேண்டும். போர்த்துக்கலில் இருந்து வேதம் போதிக்க வந்த குரு அவர். 1686-இல் மறவர் சீமையில், அதாவது ராமநாதபுரம் பக்கம், பிடித்துச் சித்திரவதை செய்தார்கள். பிறகு ஐரோப்பா போனார். பிறந்த லிஸ்பனிலேயே இருந்திருக்கலாம். இந்தச் சீமைக்கே திரும்புவேன் என்று 1690-இல் இந்தியா வந்து, 1693 பிப்ரவரி 4 அன்று ஓரியூரில் தலை கொடுத்தார். தெரிந்தே தேடி வந்து ஏற்றுக்கொண்ட பாடு அது. உங்கள் வீட்டுக்காரர் பக்கவாதத்தைத் தேடிப் போகவில்லை, நீங்களும் வாரத் தவணைக்கு ஆசைப்படவில்லை. ஒரு காலைப்பொழுதில் முடிந்த வேதசாட்சியத்தை அளவுகோலாக வைத்து, திங்கட்கிழமைதோறும் வாசலில் நிற்கிற கடன்காரரைச் சமாளிக்கிற பெண்ணை அளப்பது அந்தப் புனிதருக்கே பிடிக்காது.

சிரிப்பு விஷயம். வலது கையை இழந்த தொழிலாளி, தன் தொழிலை வைத்தே தன்னைக் கேலி செய்திருக்கிறார். இதைவிடப் பெரிய விசுவாச அறிக்கை அந்த மாதம் உங்கள் பங்குக் கோயிலில் யாராவது செய்திருப்பார்களா, சந்தேகம்தான். முற்றத்தில் என்ன பதிக்கலாம் என்று யோசிக்கிற மனுஷர் இன்னும் வேலையை விடவில்லை. அவர் உங்களைச் சிரிக்க வைக்கத்தான் அதைச் சொன்னார். நீங்கள் சிரித்தது அவருக்குக் கொடுத்த பதில். அதற்குப் போய் பாவசங்கீர்த்தனம் வேண்டாம்.

அழுகைக்கும் இடம் உண்டு. பைபிளில் திருப்பாடல் 88-ஐ எடுத்துப் பாருங்கள். மற்ற புலம்பல் பாடல்கள் பெரும்பாலும் கடைசியில் எப்படியாவது புகழ்ச்சிக்கோ நம்பிக்கைக்கோ வந்து சேர்ந்துவிடும். இது வராது, இருட்டிலேயே நின்றுவிடும். அப்படியே அதைத் திருமறையில் வைத்திருக்கிறார்கள். அடுத்த அன்பியத்தில் வாசகம் உங்கள் முறை வந்தால் இதை வாசியுங்கள், விளக்கம் எதுவும் சொல்லாமல்.

இன்னொன்று. பெரிய ஆர்டர் வருகிற நாளாகப் பார்த்துக் கூட்டத்தை உங்கள் வீட்டில் வைக்கச் சொல்லுங்கள். ஜெபமாலை மணியை ஒருவர் உருட்டினால் போதும். மற்றவர்கள் சீடை சுருட்டலாம். வெட்கப்படாமல் கேளுங்கள். பவுலே வாங்கிக்கொண்டார்.

கடைசியாக, இதைக் கேட்காமல் விட்டால் மேலே எழுதியதெல்லாம் வெறும் பேச்சு. அவருக்கு இயன்முறைப் பயிற்சி நடக்கிறதா? கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வரி இல்லை. அரசின் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து இலவசமாகப் பயிற்சி கொடுக்கிறார்கள். உங்கள் பகுதி ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயர் கொடுக்காமல் இருந்தால் இந்த வாரமே நாத்தனாரை அனுப்புங்கள். போகும்போது அவருடைய பழைய மருத்துவச் சீட்டுகள் எல்லாவற்றையும் எடுத்துப் போகச் சொல்லுங்கள்.