எம்.எஸ். நோயில் சிறுநீர்ப் பிரச்சினையும் இடுப்புத் தளப் பயிற்சியும்: கேள்வி பதில்

நரம்பு நோயாளிகளுக்குப் பயிற்சி தரும் பிசியோதெரபிஸ்ட் நான். மல்டிபிள் ஸ்க்ளீரோசிஸ் (சுருக்கமாக எம்.எஸ்.) என்ற நரம்பு நோய் உள்ளவர்கள் கை கால் பற்றி மணிக்கணக்கில் பேசுவார்கள், சிறுநீர் பற்றி மட்டும் கிளம்பும்போது வாசலில் நின்றுகொண்டு கேட்பார்கள். இங்கே அந்தக் கூச்சம் வேண்டாம்.

34 வயது, எம்.எஸ். வந்து நாலு வருஷம். வீட்டுக்கு வந்து பூட்டில் சாவியைப் போடும்போதே முட்டிக்கொண்டு வருகிறது, பாத்ரூம் போவதற்குள் நனைந்துவிடுகிறது. இடுப்புத் தளத் தசையைச் சுருக்கி விடும் கெகல் பயிற்சியில் சரியாகுமா மேடம்?

குறைய நல்ல வாய்ப்பு இருக்கிறது. ஆனால் அதற்கு முன்னால் ஒன்று தெரிய வேண்டும். நரம்பின் மேலுறையான மைலின் சிதைவதால் மூளைக்கும் சிறுநீர்ப்பைக்கும் நடுவே தகவல் தடுமாறுகிறது. சிலருக்குப் பை நிறைவதற்கு முன்பே சுருங்கிவிடும். சிலருக்குப் பை சுருங்குகிற நேரத்தில் அதன் வாயில் உள்ள தசை திறக்காமல் இறுகிக்கொள்ளும். இரண்டும் சேர்ந்து இருப்பவர்களும் உண்டு. முதல் வகைக்குத்தான் இந்தப் பயிற்சி. அதனால் சிறுநீர் போனதும் உள்ளே எவ்வளவு மிச்சம் நிற்கிறது என்று ஒரு ஸ்கேன் பார்த்துவிடுங்கள், வலியே இருக்காது. தொடர்ந்து 100 மில்லிக்கு மேல் தங்கினால் முதலில் அதைக் காலி செய்ய வழி பார்க்க வேண்டும்.

சாவி விஷயத்துக்கு வருகிறேன். முட்டும்போது ஓடாதீர்கள். அப்படியே நின்று, அல்லது உட்கார்ந்து, அந்த இடுப்புத் தளத் தசையை ஐந்தாறு முறை சட்சட்டென்று சுருக்கி விடுங்கள். அந்தத் தசை சுருங்கினால் பை கொஞ்சம் தளரும், உடம்பின் அமைப்பே அப்படி. அவசரம் தணிந்ததும் மெதுவாக நடந்து போங்கள்.

எந்தத் தசை என்றே பிடிபடவில்லை. சிறுநீரை நடுவில் நிறுத்தி நிறுத்திப் பழகச் சொல்கிறார் என் தோழி.

வேண்டாம். எம்.எஸ். உள்ளவர்களுக்குச் சரியாகக் காலியாவதே பாடு, அதில் இது வேறா! நாலு பேர் நடுவில் வாயு பிரியப் பார்த்தால் எதை இறுக்கி மேலே இழுப்பீர்களோ, அதுதான் அந்தத் தசை. தொடை, பிட்டம் சேர்ந்து இறுகக் கூடாது, மூச்சையும் பிடிக்காதீர்கள். ஆண்களுக்கும் இதே தசை உண்டு, சரியாகச் செய்தால் ஆண்குறியின் அடி லேசாக உள்ளே போவது கண்ணாடியில் தெரியும். அந்த இடம் மரத்துப்போய் ஒன்றுமே உணரவில்லை என்றால் தனியாக முயன்று நொந்துபோகாமல் ஒரு பிசியோதெரபிஸ்ட்டிடம் போங்கள். பயோஃபீட்பேக் கருவியில் சுருக்கம் கண்ணுக்குத் தெரியும், தேவைப்பட்டால் மின்தூண்டலும் தருவார்கள்.

ஒரு நாளைக்கு எத்தனை? இருநூறு என்று எங்கேயோ படித்தேன்.

இருநூறா, எதற்கு? 8 முறை, நாளுக்கு 3 வேளை போதும். படுத்துக்கொண்டு தொடங்குங்கள். 3 நொடிதான் பிடிக்க முடிகிறதா, சரி, 3 நொடி. அப்புறம் அதே நேரமாவது முழுக்கத் தளர விடுங்கள், எல்லாரும் தப்பு செய்வது இங்கேதான். மெல்ல மெல்ல 10 நொடிக்குக் கொண்டுபோகலாம். பலன் தெரிய 3 மாதமாவது ஆகும். சோர்வு வரும் முன், காலையில் செய்யுங்கள். வெயிலில் அலைந்து வந்த உடனே வேண்டாம், சூட்டில் எம்.எஸ். நரம்பு இன்னும் மந்தமாகும், தசை சொன்னபடி கேட்காது.

கணவருக்கு 46. சிறுநீர் விட்டு விட்டு வருகிறது, போய்வந்த பத்து நிமிஷத்தில் மறுபடி போக வேண்டும் என்கிறார். பயிற்சி தொடங்கியபின் கூடியிருக்கிறது.

இன்றே நிறுத்தச் சொல்லுங்கள். ஏற்கெனவே திறக்க மறுக்கும் தசையை இவர் இன்னும் இறுக்கிக்கொண்டிருக்கலாம். சிறுநீரக மருத்துவரைப் பார்த்து மிச்சத்தை அளக்க வேண்டும், அந்த வயதில் புரோஸ்டேட்டையும் பார்த்துவிடுவது நல்லது. மிச்சம் அதிகம் என்றால், தாமே மெல்லிய குழாய் போட்டு எடுத்துவிடக் கற்றுத்தருவார்கள். கேட்கும்போதே திகிலாக இருக்கும், தெரியும். ஆனால் அதற்குப் பிறகு ராத்திரி தூங்குகிறேன் என்று சொன்னவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

பஸ் பயணம் என்றால் காலையிலிருந்து தண்ணீரே குடிப்பதில்லை. தப்பா?

நம் பஸ் ஸ்டாண்டு கழிப்பறைகளை நினைத்தால் உங்களைக் குறை சொல்ல மனசு வரவில்லை. ஆனாலும் தப்புதான். சிறுநீர் அடர்த்தியானால் பை உறுத்தும், மலச்சிக்கல் வரும், மலச்சிக்கல் பையை நெருக்கும். சிறுநீர்த் தொற்று வந்துவிட்டாலோ கால் பலவீனம், தடுமாற்றம் எல்லாம் கூடி, எம்.எஸ். மறுபடி தாக்கியதுபோலவே இருக்கும். நாளுக்கு ஒன்றரை முதல் இரண்டு லிட்டர் வரை குடியுங்கள், பயணத்துக்கு முந்தைய காபியை மட்டும் விடுங்கள்.

சோலிஃபெனசின் மாத்திரை சாப்பிடுகிறேன். அப்புறம் பயிற்சி எதற்கு?

இரண்டும் சேர்ந்து போகலாம். மாத்திரை பையை அமைதியாக்கும், பாத்ரூம் வரை தாக்குப்பிடிப்பது தசை. மாத்திரையால் வாய் வறண்டாலோ, மலம் இறுகினாலோ, சிறுநீர் முழுசாகப் போகாததுபோல் இருந்தாலோ மருத்துவரிடம் சொல்லுங்கள், நீங்களாக நிறுத்தாதீர்கள்.

இரண்டு பிரசவம், அதோடு எம்.எஸ். தும்மினாலே கசிகிறது.

தும்மல் வருவது தெரிந்ததும் முதலில் சுருக்குங்கள், பிறகு தும்முங்கள். முதல் சில வாரம் பாதி நேரம் மறந்துபோகும், பரவாயில்லை.